நாட்டுச்சர்க்கரை உறைக்குத் தலைப்பெழுத்துத் தேடிய கதை

கவுந்தப்பாடியை அடுத்த சிற்றூர் ஒன்றில் கரும்பாலை நடத்தும் குடும்பத்தினர் சென்ற ஐப்பசியில் ஈரோட்டில் உள்ள என் வடிவமைப்புக் கடைக்கு வந்தார்கள். அதுவரை மூட்டையாகவே விற்றுவந்த நாட்டுச்சர்க்கரையை இனி ஒரு கிலோ, அரைக்கிலோ உறைகளிலும் விற்க முடிவு செய்திருந்தார்கள். உறைக்கு ஒரு முகப்பு, ஆலையின் வாசலுக்கு ஒரு பெயர்ப்பலகை, பிறகு வேண்டுமானால் அச்சு வெல்லத்துக்கும் உருண்டை வெல்லத்துக்கும் அதே சாயலில் உறைகள் என்று வேலை பேசப்பட்டது. கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் ஏலத்துக்கு வரும் நாட்டுச்சர்க்கரையைப் பழனிக் கோயில் பஞ்சாமிர்தத்துக்காகத் தேவஸ்தானம் வாங்குவது இந்தப் பக்கத்தில் எல்லோரும் அறிந்த செய்தி என்பதால், பொருளைப் பற்றிப் பெரிதாக எதுவும் சொல்லத் தேவையில்லை என்றும், பொருளின் பெயரே பெரிதாகவும் தெளிவாகவும் நிற்கட்டும் என்றும் அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். ஆலையின் பெயரை இங்கே விட்டுவிடுகிறேன். இந்தப் பதிவு பெரும்பாலும் ‘நாட்டுச்சர்க்கரை’ என்ற ஒரே சொல்லைப் பற்றியது.

“ஏனுங்கண்ணா, எழுத்துன்னா எல்லாம் ஒண்ணுதானுங்களே? எதையாச்சும் நல்லாத் தடியாப் பாத்துப் போட்டுடுங்க” என்றார் அந்த வீட்டு இளையவர். நானும் அப்போது ஏறத்தாழ அப்படித்தான் நினைத்திருந்தேன். பத்துப் பதினைந்து தலைப்பு எழுத்துருக்களைத் திரையில் வரிசையாகப் போட்டுக் காட்டினால் இரண்டை அவர்களே தேர்ந்துவிடுவார்கள், மாலைக்குள் முன்பணம் வாங்கிவிடலாம் என்பது என் கணக்கு. அந்தக் கணக்கு பொய்த்ததற்கு முதற்காரணம், எழுத்துருக்களை அவற்றின் மாதிரி வாக்கியங்களில் வைத்துப் பார்த்ததுதான். மாதிரி வாக்கியம் அந்த எழுத்துருவை வரைந்தவருக்குச் சாதகமாக அமைந்திருக்கும். நமக்கு வேண்டிய சொல்லில் அந்த நல்ல எழுத்துகள் வராமலே போகலாம்.

ஆகவே மறுநாள் மாதிரி வாக்கியங்களை எல்லாம் அழித்துவிட்டு, வேண்டிய சொல்லை மட்டும் எழுதி எண்ணிப் பார்த்தேன். நா, ட், டு, ச், ச, ர், க், க, ரை என ஒன்பது எழுத்துகள். அவற்றில் நான்கு புள்ளி வைத்த மெய்கள். நெட்டெழுத்துக்கான துணைக்கால் ஒன்று, புள்ளியோடு ஒரு ரகரம், ஐகாரத்தின் இணைக்கொம்போடு இன்னொரு ரகரம். இந்த மூன்றும் ஒரே சொல்லுக்குள் இருப்பது தலைப்பெழுத்துத் தேர்பவனுக்குப் பெரிய சோதனை. துணைக்காலும் ரகரமும் உடம்பால் ஒன்றே. ரகரத்தின் அடியில் இடப்பக்கமாக இறங்கும் சிறிய சாய்கோடு மட்டுமே இரண்டையும் பிரிக்கிறது. அலங்காரத்துக்காக வரைந்த பல எழுத்துருக்களில் அந்தச் சாய்கோடு மயிரிழையாக இருக்கும், அல்லது தடித்த உடம்போடு கலந்து வெறும் மொட்டையாக நிற்கும். புள்ளி வைத்த ரகரத்துக்குச் சாய்கோடே போடாத வழக்கமும் உண்டு. மேலே புள்ளி இருப்பதால் அங்கே குழப்பம் வராது. ஆனால் ‘ரை’ என்ற எழுத்தில் சாய்கோடு மறைந்தால், இணைக்கொம்பை அடுத்து ஒரு வெறுங்கால் நிற்கிறது. வாசிப்பவர் ஒரு கணம் தடுமாறுகிறார்.

எழுத்துகளைப் பார்ப்பதற்கு முன்பே உரையில் ஒரு சிக்கல் வந்தது. உறையில் வர வேண்டிய செய்திகளை அவர்கள் யாரிடமோ தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தார்கள். என் கணினியில் திறந்தபோது, ஆங்கில எழுத்துகளும் இடையிடையே அரைப்புள்ளிகளுமாகக் காட்சி தந்தது. பாமினி வகை எழுத்துருவில் அடித்த உரை என்பது அந்த அரைப்புள்ளிகளைப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, ஏனெனில் அந்த விசைப்பலகையில் மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளி விசையில் இருக்கிறது. இத்தகைய பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பவை; எழுத்துருவை மாற்றினால் உரையே மாறிவிடும். ஒவ்வோர் எழுத்துக்கும் நிலையான எண் கொடுக்கும் ஒருங்குறியையும் (யூனிகோடு) டேஸ்-16 குறியேற்றத்தையும் தமிழ்நாடு அரசு தரமாக ஏற்றது 2010 ஜூன் மாதத்தில், கோயம்புத்தூரில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில். அத்தனை ஆண்டுகள் கழிந்தும், அந்த மாநாடு நடந்த ஊரிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் டிடிபி கடைகளில் பழைய குறியேற்றமே வேலை செய்கிறது என்பதைக் குறையாகச் சொல்லவில்லை; பழகிய கை அப்படித்தான் இருக்கும். ஆனால் பல எழுத்துருக்களைச் சோதித்துப் பார்க்க வேண்டிய வேலைக்கு ஒருங்குறி உரைதான் வேண்டும். குறியேற்றம் மாற்றும் மென்பொருளால் ஒருங்குறிக்கு மாற்றி, வரி வரியாகச் சரிபார்த்தேன்.

சரிபார்க்கும்போது ஒற்றைப் பற்றி ஒரு பேச்சு எழுந்தது. சந்தையில் விற்கும் பல உறைகளில் ‘நாட்டு சர்க்கரை’ என்று ஒற்று இல்லாமல், இடைவெளி விட்டே அச்சிடுகிறார்கள். வன்தொடர்க் குற்றியலுகரத்தின் பின் வல்லினம் மிகும் என்பது பள்ளியில் படித்த விதிதான் என்றாலும், “அந்த ச்சன்னாவை எடுத்துட்டா எழுத்து இன்னும் கொஞ்சம் பெருசா வருமுங்களே” என்று அவர் கேட்டதில் வடிவமைப்பு நியாயம் இருந்ததை மறுக்க முடியவில்லை. ஒன்பது எழுத்து எட்டாகும், புள்ளி நான்கு மூன்றாகும். இருந்தும் ஒற்றை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. பிழையோடு ஐயாயிரம் உறை அச்சாவதைவிட, ஒற்றை வைத்துக்கொண்டே இடத்தைச் சம்பாதிக்க வழி தேடலாம் என்று சொல்லிவிட்டேன். அதற்கான வழி சொல்லை இரண்டு வரியாக உடைப்பதில் கிடைத்தது. கிராஃப்ட் காகித உறையின் முகப்பில் எழுத்துக்கென்று 120 மில்லிமீட்டர் அகலம் இருந்தது. ஒரே வரியில் போட்டால், சாதாரண அகலமுள்ள எழுத்துருவில் எழுத்தின் உடல் உயரம் ஏறத்தாழ 10 மில்லிமீட்டருக்கு மேல் போகவில்லை. ‘நாட்டுச்’ என்று மேலும் ‘சர்க்கரை’ என்று கீழுமாகப் பிரித்தபோது அதே அகலத்தில் உயரம் 19 மில்லிமீட்டர் வந்தது. மளிகைக் கடை அலமாரியில் அந்த வேறுபாடு பெரியது.

இனி எழுத்துருக்கள். உரிமம் தெளிவாக இல்லாத எதையும் தொடுவதில்லை என்று சில ஆண்டுகளுக்கு முன்பே முடிவு செய்திருந்தேன். அதற்கு முன், நண்பர் ஒருவரின் பென்டிரைவிலிருந்து வந்த அலங்கார எழுத்துருவை ஒரு திருமண மண்டபத்தின் பெயருக்குப் பயன்படுத்திவிட்டு, பின்னர் அதன் உரிமக் குறிப்பில் தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும் என்று இருந்ததைப் பார்த்து, என் செலவிலேயே மாற்றிக் கொடுத்தேன். ‘இலவசம்’ என்று எழுதியிருப்பதாலேயே வணிகத்துக்கும் இலவசம் என்று பொருளாகாது. ஓப்பன் ஃபாண்ட் லைசென்ஸ் எனப்படும் திறந்த உரிமத்தில் வெளியான எழுத்துருக்களில் அந்தக் கவலை இல்லை. அவற்றை வணிக வேலைக்குப் பயன்படுத்தலாம், வடிவத்தை மாற்றலாம், பிறருக்கும் கொடுக்கலாம். எழுத்துருவை மட்டும் தனிப்பொருளாக விலைக்கு விற்கக் கூடாது. மாற்றிய எழுத்துருக் கோப்பை வெளியிட்டால் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும், மூலப்பெயர் காக்கப்பட்டதாக அறிவித்திருந்தால் வேறு பெயர் சூட்ட வேண்டும். உறையில் அச்சாகும் படைப்பை இந்த உரிமம் கட்டுப்படுத்துவதில்லை. என் சோதனையை இந்த வட்டத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

திரையில் பார்ப்பதை நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றையும் அதே 120 மில்லிமீட்டர் அகலத்தில், கிராஃப்ட் காகிதத்திலேயே அச்செடுத்துச் சுவரில் ஒட்டினேன். வெள்ளைத்தாளில் அச்செடுத்துப் பார்த்திருந்தால் தவறான முடிவுக்கே வந்திருப்பேன். பழுப்புக் காகிதத்தில் அடர்பழுப்பு மை விழும்போது எழுத்துக்கும் தாளுக்கும் உள்ள வேறுபாடு பாதியாகிவிடுகிறது.

முதலில் கண்ணைப் பறித்தது பாலூ தம்பி என்னும் எழுத்துரு. தடித்து, முனைகள் உருண்டு, பார்த்தவுடன் சிரிக்கிற முகம் அதற்கு. க, ச, டு போன்ற வளைவெழுத்துகள் அதில் மிக நன்றாக இருந்தன. ஆனால் குழந்தைகளுக்கான பிஸ்கெட் உறை போல இருக்கிறது என்று என் மனைவி சொன்னபிறகு அதை வேறு மாதிரிப் பார்க்க முடியவில்லை. காயினியும் அந்த வகையிலேயே விழுந்தது. கவிவாணர் கையெழுத்துச் சாய்வில், தூரிகையின் போக்கோடு அழகாக இருந்தாலும் அதற்கு ஒரே தடிமன்தான் உண்டு. கிராஃப்ட் தாளில் நான்கடி தள்ளி நின்றாலே மெலிந்துவிட்டது. அவுட்லைன் போட்டுத் தடிக்க வைக்கலாமே என்று ஒரு பழைய கெட்ட பழக்கம் கையை இழுத்தது. செய்தும் பார்த்தேன். க எழுத்தின் உள்வெளி அடைந்து, ச-வும் க-வும் அண்ணன் தம்பி ஆகிவிட்டன.

அரிமா என்னும் எழுத்துரு, முனைகள் மெல்ல விரியும் கோடுகளோடு நளினமாக இருந்தது. ஆனால் கொங்குப் பகுதியில் கல்யாணப் பத்திரிகைகளில் இந்தச் சாயலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, சர்க்கரை உறையில் அது விருந்துக்கு அழைப்பது போலத் தோன்றியது. (அரிமா முதலில் வெளியானபோது அதன் பெயரில் மதுரை இருந்தது, ஹிந்த் மதுரை என்று இன்னொன்றும் உண்டு. நான் அன்று இறக்கி வைத்தவற்றில் எங்கள் பக்கத்து ஊர்ப்பெயர் ஒன்றைக்கூடக் காணோம்.) கட்டமரன் எழுத்துருவுக்கு 100 முதல் 900 வரை ஒன்பது தடிமன்கள் இருப்பது பெரிய வசதி. நம் கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்பிவந்த பெயர் அது. அதன் உச்சத் தடிமனில் சொல் உறுதியாக நின்றது. ஆனால் அந்த உறுதி ஒரு மென்பொருள் நிறுவனத்தின் உறுதி. கொப்பரையில் பாகு காய்ச்சும் இடத்தின் வாடை அதில் கொஞ்சமும் இல்லை.

நெடுநேரம் என்னை நிறுத்தி வைத்தது அனேக் தமிழ். தடிமனோடு அகலத்தையும் விருப்பம்போல் மாற்றிக்கொள்ளும் மாறுநிலை எழுத்துரு அது. அகலம் 75 முதல் 125 வரை நகரும். கோரல் டிராவில் எழுத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் நசுக்குவது நம் கடைகளில் அன்றாடம் நடப்பது. அப்படி நசுக்கும்போது நெடுங்கோடுகள் மெலிந்து, கிடைக்கோடுகள் தடித்தபடியே நின்று, எழுத்து பட்டினி கிடந்தது போலாகும். அனேக்கில் அகலத்தைக் குறைத்தால் கோட்டின் தடிமன் சீராகவே இருக்கிறது. ‘ஈரத்தன்மை, சுத்தம்’ போன்ற துணை வரிகளுக்கு இது மிகப் பொருத்தம் என்று குறித்துவைத்தேன். முகப்புச் சொல்லுக்கு மட்டும் அது சற்றே நாகரிகமாகப் பட்டது. இந்த உணர்வை எந்த அளவுகோலாலும் காட்ட முடியாது. ஆனால் இருபது தாள்களைச் சுவரில் ஒட்டி ஒரு வாரம் அவற்றின் முன் உட்கார்ந்து சாப்பிட்டவனுக்கு அந்த உணர்வு நன்றாகவே விளங்கும்.

நோட்டோ செரிஃப் தமிழ் தடித்த வடிவில்தான் முதன்முறையாக வேறொன்று தெரிந்தது. கோடு தடித்தும் மெலிந்தும் வரும் அந்த ஏற்ற இறக்கம், பழைய பலகைகளில் தட்டைத் தூரிகை திரும்பும்போது விழும் கோட்டை நினைவூட்டியது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஆலைக்குப் போனேன்.

ஆலையில் கொட்டகையின் உட்புறம், புகை படிந்த ஒரு தகரப்பலகை சாய்த்து வைத்திருந்தது. “அது எங்க அப்பாரு காலத்துப் பலகைங்க, வாசல்ல இருந்து எடுத்து உள்ள போட்டுட்டோம்” என்றார்கள். ஈரத்துணியால் துடைத்தபோது மஞ்சள் தரையில் செம்பழுப்பு எழுத்து மேலே வந்தது. ‘ஆலை’ என்ற சொல்லில் லகரத்தின் முன்னே இணைக்கொம்பு இல்லை. லகரத்தின் தலையிலிருந்து யானைத் துதிக்கை போல ஒரு வளைவு எழுந்து முன்புறம் சுருண்டிருந்தது. அச்சிலும் கையெழுத்திலும் ணை, லை, ளை, னை ஆகிய நான்கும் முன்பு இப்படித்தான் எழுதப்பட்டன. இவற்றையும் ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகாரங்களையும் சேர்த்து 13 எழுத்துகளுக்குப் பொதுவான கொம்பும் காலும் போடும் சீர்திருத்தத்தைத் தமிழ்நாடு அரசு 1978-இல் ஆணையாக ஏற்றது. அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கும் முன்பே, 1935-இல், பெரியார் தமது குடியரசு இதழில் அந்த எழுத்தைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். குடியரசு 1925-இல் தொடங்கப்பட்டது ஈரோட்டில். துதிக்கை லையை அலங்காரமாக மீட்டெடுக்க விரும்பும் ஈரோட்டு வடிவமைப்பாளனுக்கு இது கொஞ்சம் சங்கடமான செய்திதான்.

இளையவரின் உறவினர் ஒருவர், கொடுமணல் இங்கே பக்கத்தில்தானே இருக்கிறது, அங்கே கிடைத்த பானை ஓடுகளில் உள்ள தமிழி என்னும் பழைய எழுத்தையே முகப்பில் போட்டுவிட்டால் என்ன என்று கேட்டார். சென்னிமலையை ஒட்டிய கொடுமணலும் அறச்சலூர்க் கல்வெட்டும் எங்கள் பகுதியின் பெருமை என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் கடைக்காரரும் வாங்குபவரும் வாசிக்க முடியாத எழுத்தில் பொருளின் பெயரை எழுதினால் அது ஓவியமாகுமே ஒழியப் பெயராகாது. விளிம்பில் ஒரு கரையாக வேண்டுமானால் போடலாம் என்றேன். பிறகு அந்த இடத்தில் பவானி ஜமக்காளத்தின் நிறப்பட்டைகளை வைத்தபோது அவரே அது போதும் என்றுவிட்டார்.

துதிக்கை லையைப் பெயர்ப்பலகையில் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. உறையின் முகப்புச் சொல்லில் ‘லை’ வராததால் அங்கே அந்தக் கேள்வியே எழவில்லை. ஒருங்குறியில் பழைய லைக்குத் தனி எண் கிடையாது. லகரமும் ஐகாரக் குறியும் சேர்ந்த அதே இரண்டு எண்கள்தான். எந்த வடிவத்தைக் காட்டுவது என்பது எழுத்துருவின் பொறுப்பு. ஆகவே இதை எழுத்துருவில் தேடுவதைவிடப் பலகையிலிருந்தே வரைந்துகொள்வது நல்லது என்று தோன்றியது.

பலகையை எழுதியவர் கோபிசெட்டிபாளையத்தில் இருக்கிறார் என்று தெரிந்தது. எழுபதைத் தாண்டியவர், ஃபிளெக்ஸ் வந்தபிறகு தூரிகையை எடுக்காதவர். என் தாள்களை எல்லாம் திண்ணையில் பரப்பிவைத்தேன். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, ஒவ்வொன்றையும் கை நீட்டி எட்டப் பிடித்துப் பார்த்தார்.

“கண்ணு, ரானாவுக்கு அடியில அந்த இழுப்பு சன்னமா இருக்குது பாரு. நாப்பதடிக்கு அந்தாண்ட நின்னு பாக்கறவனுக்கு அது வெறுந் தொணக்காலுதான். இழுப்பை மட்டும் நாங்க எப்பவும் உடம்பு மாதிரியே தடியாப் போடுவோம். அழகு கொறைஞ்சாலும் குத்தமில்லெ.”

அதோடு அவர் இன்னொன்றையும் காட்டினார். டகரம் ஒரு நெடுங்கோடும் ஒரு கிடைக்கோடும் சேர்ந்த வடிவம். அதன் வலப்புற மேற்பகுதி முழுவதும் வெற்றிடம். எழுத்துருக்களில் ‘ட்’ எழுத்தின் புள்ளி மற்ற மெய்களின் புள்ளியோடு ஒரே உயரத்தில், எழுத்துக்கு மேலே நிற்கும். பலகை எழுதுபவர்களோ அந்தப் புள்ளியை இறக்கி டகரத்தின் மடியிலேயே வைத்துவிடுவார்களாம். எனக்கு உடனே இரண்டு வரிக்கு நடுவே உள்ள நெருக்கடி நினைவுக்கு வந்தது. கீழ்வரியின் ‘ர்க்’ மேலே அடுத்தடுத்து இரண்டு புள்ளிகள் எழுகின்றன. அவற்றுக்கு இடம் விட்டதால்தான் வரிகளுக்கு நடுவே ஒரு வாய்க்கால் ஓடிக்கொண்டிருந்தது. மேல்வரியில் ‘ட்’ புள்ளி இறங்கினால் மேலே ‘ச்’ புள்ளி ஒன்று மட்டும் எஞ்சும். சொல்லின் தலைப்பகுதி அமைதியாகிவிடும், மேல்வரியையும் சற்று உயர்த்தி வைக்கலாம். நான்கு புள்ளிகளில் ஒன்று மடியில், ஒன்று தனியாக, இரண்டு இணையாக நின்றபோது, அதுவரை எறும்பு ஊர்வது போலத் தெரிந்த புள்ளிகளுக்கு ஒரு ஒழுங்கு வந்தது. துதிக்கை லையை அவரே ஒரு தாளில் தட்டைத் தூரிகையால் நான்கு முறை எழுதிக் கொடுத்தார். அதற்குரிய கூலியை வாங்க மறுத்தவரிடம், ஆலைக்காரர்கள்தான் கொடுக்கிறார்கள் என்று சொல்லி வைத்துவிட்டு வந்தேன்.

கடைக்கு வந்து, நோட்டோ செரிஃப் தமிழின் தடித்த வடிவத்தை எலும்புக்கூடாக வைத்துக்கொண்டு வரையத் தொடங்கினேன். சொல்லை அமைத்தவுடனே கர்வ் (தட்டச்சு உரையாக இல்லாமல் வெறும் கோட்டு வடிவம்) ஆக்கிவிடாமல், முதலில் இடைவெளிகளைச் சரிசெய்ய நினைத்து எல்லா எழுத்துக்கும் பொதுவாக இடைவெளியைக் கூட்டினேன். அது தவறு. தமிழில் துணைக்காலும் கொம்பும் தனித்தனி வடிவங்கள் என்பதால், பொது இடைவெளியைக் கூட்டினால் சில மென்பொருள்களில் ‘நா’ பிளந்து நகரமும் காலுமாக விலகிவிடும், ‘ரை’ எழுத்தின் கொம்பு முன்னெழுத்தான ககரத்தின் பக்கம் சாய்ந்துவிடும். இடைவெளியைத் தமிழில் எழுத்துக்கு எழுத்து கையால்தான் நகர்த்த வேண்டும். இல்லஸ்ட்ரேட்டரின் பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பத்தி அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பியைத் தேர்ந்துகொள்ளாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடும். இன்க்ஸ்கேப்பில் எனக்கு இந்தத் தொல்லை வந்ததில்லை.

கர்வ் ஆக்கிய பிறகு மூன்று மாற்றங்கள் செய்தேன். ‘ட்’ புள்ளியை மடியில் இறக்கினேன். டு எழுத்தின் முடிவில் உள்ள சுழியைச் சற்றே திறந்துவிட்டேன். நான்கு புள்ளிகளையும் முழுவட்டமாக, கோட்டின் தடிமனைவிட ஒரு பங்கு பெரிதாக வைத்தேன். உள்ளே துளையுள்ள வளையப்புள்ளி அழகாக இருந்தாலும் மை பரவினால் அடைந்துவிடும் என்பது முன்னனுபவம். நான்காவதாக ரகரத்தின் அடி இழுப்பைத் தடிக்க வைக்க வேண்டும் என்று கோபிக்காரர் சொன்னது எனக்கு நினைவில் இருந்தது. ஆனால் திரையில் அந்த மெல்லிய இழுப்பு மிக நளினமாகத் தெரிந்ததால், கொஞ்சம் மட்டும் தடிக்க வைத்து விட்டுவிட்டேன்.

அதற்கான தண்டனை உடனே கிடைத்தது. ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒரு கிலோ உறை நன்றாக வந்தது. அரைக்கிலோ உறைக்கு அதே கோப்பை 70 விழுக்காடாகச் சுருக்கி அனுப்பியிருந்தேன். அதில் இழுப்பின் தடிமன் கால் மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிட்டது. கிராஃப்ட் தாளின் சொரசொரப்பில் முதல் இருநூறு உறைகளில் பாதிக்கு மேல் அந்தக் கோடு விழவே இல்லை. விழுந்தவற்றில் முறிந்து முறிந்து விழுந்திருந்தது. ‘சர்க்கரை’ என்ற சொல்லின் கடைசியில் இணைக்கொம்பும் ஒரு மொட்டைக்காலும் நின்றன. அச்சகத்தார் அழைத்துச் சொன்னபோது கோபியிலிருந்து திண்ணைக்குரல் ஒன்று காதில் கேட்டது. அச்சகத்தின் பிழை இதில் எதுவும் இல்லை. ஸ்கிரீனைப் புதிதாக எடுத்த செலவும் வீணான உறைகளின் விலையும் என்னுடையவை. இழுப்பை நெடுங்கோட்டின் தடிமனில் முக்கால் பங்காக ஆக்கி, அரைக்கிலோவுக்கென்று தனிக்கோப்பே வரைந்தேன். சிறிய அளவுக்குச் சுருக்கும்போது மெல்லிய கோடுகள் மட்டும் விகிதத்துக்குக் கூடுதலாகத் தடிக்க வேண்டும். ஈய எழுத்துக் காலத்தில் ஒவ்வொரு பாயின்ட் அளவுக்கும் தனித்தனியாக எழுத்து வெட்டியதால் இது தானாகவே நடந்தது. நாம்தான் ஒரே வடிவத்தை எல்லா அளவுக்கும் இழுத்துக்கொண்டிருக்கிறோம்.

உறையின் பின்புறத்தில் அலங்காரத்துக்கு இடமில்லை. நிகர எடை, விலை, தயாரிப்பு நாள், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் முதலியவை சட்டப்படி ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தாக வேண்டும். தமிழ் கூடுதலாக வரலாம். எழுத்தின் குறைந்தபட்ச உயரத்தையும் விதிகள் வரையறுக்கின்றன. அங்கே முக்த மலரைப் பயன்படுத்தினேன்; தமிழும் ஆங்கிலமும் ஒரே கையால் வரைந்தது போல இணைந்து நிற்பதும், சிறிய அளவில் உள்வெளி அடையாததும் காரணம். விலைக்கு முன் ரூபாய்க் குறி அந்த எழுத்துருவில் இருக்கிறதா என்பதைத் தேர்வதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். 2010-க்கு முன் உருவாகிப் பின்னர் புதுப்பிக்கப்படாத எழுத்துருக்களில் அது இருக்காது. அந்தக் குறியை வடிவமைத்த உதயகுமார் மாணவராக இருந்தபோது ‘பராசக்தி’ என்ற தமிழ் எழுத்துருவை வரைந்தவர் என்பதை இந்த இடத்தில் சொல்லிவைக்கலாம்.

பெயர்ப்பலகை பன்னிரண்டடிக்கு நான்கடி. பத்தடித் தொலைவுக்கு ஓர் அங்குல எழுத்து என்பது பலகை எழுதுபவர்களின் பழைய கணக்கு. ஆலை சாலையிலிருந்து ஏறத்தாழ 150 அடி உள்ளே இருப்பதால் 15 அங்குலமாவது வேண்டும், 16 வைத்தேன். தமிழில் இந்த உயரத்தைப் புள்ளியையும் துதிக்கையையும் விட்டுவிட்டு எழுத்தின் உடலை மட்டும் வைத்து அளக்க வேண்டும், இல்லாவிட்டால் எழுத்து நினைத்ததைவிடச் சிறிதாக வந்து ஏமாற்றும். தமிழும் ஆங்கிலமும் பிற மொழியும் 5:3:2 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்ற அரசின் முறைப்படி, ஆங்கில வரி ஒன்பதரை அங்குலத்துக்குச் சற்று மேல். அச்செடுத்த தாள்களைச் சணல் கயிற்றில் கட்டிச் சாலையோரம் நின்று பார்த்தபோது, துதிக்கை லை தூரத்திலிருந்து நன்றாகவே அடையாளம் தெரிந்தது. சைக்கிளில் வந்து நின்ற ஒரு பள்ளி மாணவர் அதை ‘ஆல’ என்று படித்துவிட்டு, அந்தக் கொடுக்கு என்னவென்று என்னிடமே கேட்டார். ஆலைக்காரர்கள் சிரித்துவிட்டு, தெரியாதவர்கள் உள்ளே வந்து கேட்கட்டும் என்று அப்படியே வைத்துக்கொண்டார்கள். நான் கீழ்வரியில் சிறிய எழுத்தில் புதிய ‘கரும்பாலை’யையும் சேர்த்துவிட்டேன்.

தைப்பொங்கலுக்கு முன் உறைகள் கடைகளுக்குப் போய்விட்டன. இப்போது அச்சு வெல்லத்துக்கு வரைந்து முடித்திருக்கிறேன். ‘ச்சு’ எழுத்தில் சகரத்தின் உகரக்கோடு கீழே இறங்கி இரண்டாம் வரியின் ‘வெ’ கொம்பை இடித்தது. கொம்பின் தலையைச் சற்றே பின்னுக்குச் சாய்த்தவுடன் இரண்டும் ஒன்றுக்கொன்று இடம் விட்டுக்கொண்டன. உருண்டை வெல்லத்தில் ‘ண்’ இடத்தை அடைத்துக்கொள்கிறது. அதன் மூன்று சுழிகளையும் திறந்தபடி வைத்து, 120 மில்லிமீட்டருக்குள் ‘உருண்டை’யை அடக்கும் வழி இன்னும் பிடிபடவில்லை, அந்தத் தாள்களும் சுவரில்தான் இருக்கின்றன.